பிளாஸ்டர் தொட்டியில் பதினோரு மாதம்

எலும்பிலும் காசநோய் வரும் என்பது முப்பத்தொன்பது வயதுவரை எனக்குத் தெரியாது. காசம் என்றால் இருமல், சளி, ரத்தம், தனியாக ஒதுக்கி வைத்த தட்டு தம்ளர் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு இருமலே கிடையாது. முதுகு வலித்தது, அவ்வளவுதான். கட்டட வேலை பார்க்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும் என்று ஒன்பது மாதம் அந்த வலியோடு திரிந்தேன். வேலையை விட்டு ஒருநாள்கூட நகர முடியாது என்று சொல்லிக்கொண்டு என்னைப் போல வலியை மறைத்து நடக்கிறவர்கள் இன்றும் இருப்பார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் அதிகம் இல்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம். யுத்த காலத்தில் ராணுவக் குடியிருப்பு கட்ட ஆள் எடுத்தபோது கொத்தனாராகப் புனாவுக்கு வந்தேன். பிறகு மேஸ்திரி, பிறகு சின்னச் சின்ன வேலைகளுக்குக் காண்ட்ராக்டர். அறுபத்தொன்றில் அணை உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம் விஷ்ராந்த்வாடியில் சிப்பந்திகள் குடியிருக்க மூன்று கட்டடம் கட்டும் வேலை கிடைத்தது. அதுவரை நான் எடுத்ததில் அதுதான் பெரிய வேலை.

வேலை இடத்தில் எல்லாம் நானே. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டிய காலம் அது; கிடங்குச் சாவி என் இடுப்பைவிட்டு இறங்காது. காலையில் நான் போய்த் திறந்தால்தான் கலவை போட முடியும். படத்தை, அதாவது எஞ்சினியர் போட்டுக் கொடுத்த பிளானை, சுருட்டி என் கக்கத்தில் வைத்திருப்பேன். மாருதி என்ற மராத்திக்காரன் என்னிடம் பதினோரு வருஷமாக மேஸ்திரியாக இருந்தான். அவனிடம்கூட அந்தப் படத்தைக் கொடுத்ததில்லை. அளவை நான் சொல்லுவேன், அவன் கட்டுவான். அவன் ஒருநாள் தயங்கித் தயங்கி, "மாலக், ஒருதடவ படத்தக் காட்டுங்களேன், நானும் பாத்து வெச்சுக்கறேன்" என்று கேட்டபோது, "நீ பாத்து என்ன பண்ணப் போற?" என்று சிரித்தேன். மாலக் என்றால் அவர்கள் பாஷையில் முதலாளி.

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் இளைத்தேன். என் மனைவி பார்வதி தைலம் தேய்க்கும்போதெல்லாம், "முதுகுல ஒரு இடம் புடைச்சாப்ல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்பாள். "ஸ்லாப் முடியட்டும்" என்பேன். ஒரு ஸ்லாப் முடிந்தால் அடுத்தது வரும்.

ஒருநாள் காலை சாரத்திலிருந்து ஏணியில் இறங்கும்போது இடது கால் படியைத் தேடியது. படி அங்கேதான் இருந்தது, காலுக்குத்தான் அது தெரியவில்லை. மாருதி கீழே நின்று பிடித்துக்கொண்டான். தரையில் நின்ற பிறகும் முழங்கால் தானாக வெடவெடவென்று ஆடியது. கையால் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. சுற்றி வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானமே மாருதியும் பார்வதியும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே வராந்தா பெஞ்சில் நான்கு நாட்கள் காத்திருந்த பிறகு எல்லாச் சோதனையும் முடிந்தது. ரத்தம் எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, அது எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்று பார்த்தார்கள். வேகமாகப் படிந்தால் உடம்புக்குள் எங்கோ நோய் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். முன்கையில் ஊசி போட்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நாலாவது நாள் எலும்பு டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். என் தொழிலைக் கேட்டுக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி இந்தியில் சொன்னார்.

"முதுகெலும்பைச் செங்கல் அடுக்கு என்று வைத்துக்கொள். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே கலவை இருக்கிறது. உன் அடுக்கில் இரண்டு செங்கல்லை நோய் தின்றுவிட்டது. நடுவிலிருந்த கலவை கரைந்து போயிற்று. அதனால் அடுக்கு முன்பக்கம் மடிகிறது. அதற்குப் பின்னால்தான் மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. நோயிருக்கிற இடத்தில் சீழ் கட்டியிருக்கிறது. அது நரம்பை நெருக்க ஆரம்பித்துவிட்டது. கால் ஆடுவது அதனால்தான்."

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?"

"நாள் இல்லை. மாதம். எட்டோ பத்தோ, அதற்கு மேலோ. படுத்தே இருக்கவேண்டும். நடக்கக்கூடாது, நிற்கக்கூடாது, உட்காரவும் கூடாது."

நான் சிரித்தேன் என்று பார்வதி பின்னால் சொன்னாள். எனக்கு ஞாபகமில்லை. "எனக்கு ஸ்லாப் இருக்கிறது" என்று நான் சொன்னதும், டாக்டர் எக்ஸ்ரேயை உறையில் போட்டுக்கொண்டு, "அது நீ இல்லாமலும் நடக்கும்" என்று சொன்னதும் ஞாபகமிருக்கிறது.

மறுநாள் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பிளாஸ்டர் மாவில் நனைத்த துணிகளைக் கழுத்திலிருந்து தொடைவரை அடுக்கடுக்காகப் போட்டார்கள். அது இறுகும்போது சூடேறும்; தோலுக்கு மேலே கொதிக்கிற கஞ்சியை ஊற்றின மாதிரி இருந்தது. காய்ந்ததும் கழற்றி எடுத்து, விளிம்பைச் சீவி, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டிலின்மேல் வைத்தார்கள். என் முதுகின் அச்சில் செய்த தொட்டி. அதற்குள் என்னை மல்லாக்க வைத்து வார் போட்டுக் கட்டினார்கள். சாப்பாடு, தண்ணீர், மலஜலம் எல்லாம் அதிலேயே. தினம் காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது போட்ட சில நாளில் காதுக்குள் ரீங்காரம் தொடங்கிற்று. ஒரு மாத்திரை. அதோடு ஒரு தூள், கை நிறைய விழுங்கவேண்டும். வயிற்றைப் புரட்டும், ஏப்பத்தில் நாள் முழுக்க அதன் நாற்றம் வரும்.

வார்டில் இருபது கட்டில். எனக்கு வலப்பக்கத்தில் குல்கர்ணி என்ற தபாலாபீஸ் குமாஸ்தா, எனக்கு இருந்த அதே நோயோடு எனக்கு மூன்று மாதம் முன்பே வந்தவர். தலையைத் திருப்ப முடியாது என்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேதான் பேசிக்கொள்வோம். அவர் குரல் எப்படி இருக்கும் என்று இன்றும் சொல்வேன், முகம் சரியாகச் சொல்ல வராது. "விட்டத்தை எண்ணாதீர்கள். எண்ணி முடித்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமிருக்காது" என்று முதல் நாளே எச்சரித்தார். நான் அதற்குள் எண்ணியிருந்தேன். கூடவே விட்டத்தில் ஒன்று மட்டம் தவறியிருந்ததையும் கண்டுபிடித்திருந்தேன்.

பார்வதி தினமும் மத்தியானம் வருவாள். எங்கள் இரண்டு பெண்களையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ராஸ்தா பேட்டிலிருந்த வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டுவாள். படுத்தபடியே இருக்கிற என் தலைமுடியை ஈரத்துணியால் பிடிப்பிடியாகத் துடைப்பாள். ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் சாய்த்துக் கட்டினாள். அதில் பார்த்தால் வாசலும், வருகிறவர் போகிறவரும், ஒரு வேப்பமரத்தின் பாதியும் தெரியும். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கண்ணாடியில் நான் மரத்தைப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு மாருதி வருகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தினம் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்பது என் உத்தரவு. இதற்காக அவன் தினமும் இரண்டு தடவை சைக்கிள் மிதித்தான். ஜன்னலை எத்தனை அங்குலம் தள்ளி வைப்பது, கம்பியை எங்கே வளைப்பது, நாளைக்கு எத்தனை மூட்டை என்று ஒவ்வொன்றும் என்னைக் கேட்டுத்தான். அவன் சொல்வதைக் கேட்டால் எனக்கு அங்கே எல்லாமே தப்பாக நடக்கிற மாதிரி தோன்றும். கத்துவேன். அவன் போனபின் காய்ச்சல் ஏறும். ஆஸ்பத்திரி அட்டையில் சாயங்காலக் கோடு மட்டும் மேலே மேலே போயிற்று. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நாலு மணிக்கு இங்கே என்ன நடக்கிறது?" என்று நர்ஸைக் கேட்டார். மரியம்மா என்ற மலையாள நர்ஸ், "ஆபீஸ் நடக்குது டாக்டர்" என்றாள். வேலை விஷயமாக யாரும் வரக்கூடாது என்று அன்றே உத்தரவு போட்டார். மாருதி அதற்குப் பிறகு பார்வையாளர் மாதிரிப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். நாங்கள் தாழ்ந்த குரலில் பேசினோம்.

மூன்றாவது மாதத்தில் முதல் கட்டடத்தின் மேல்கூரை ஸ்லாப் போடும் நாள் வந்தது. ஸ்லாப் என்பது ஒரே மூச்சில் போடவேண்டிய காங்கிரீட். கீழே பலகை அடித்து, பலகைக்கு முட்டுக் கொடுத்து, கம்பி பரப்பி, காலையில் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் ஊற்றி முடிக்கவேண்டும். ஒருமுறை இறுகிவிட்டால் திருத்த முடியாது. நான் இல்லாமல் ஒரு ஸ்லாப்பும் போட்டதில்லை.

"லாரி ஒண்ணு கொண்டுவா மாருதி. மெத்தையப் போட்டுப் படுத்துக்கிட்டே வாரேன்" என்றேன்.

"மாட்டேன் மாலக்."

"என்ன மாட்டேன்?"

"டாக்டர் என்ன சொன்னார்னு வஹினி எங்கிட்ட சொன்னாங்க." வஹினி என்பது அண்ணி. பார்வதியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "ஸ்லாப்ப நான் போடறேன். பதினோரு வருஷமா உங்க கூட நின்னு போட்டிருக்கேன். படத்த மட்டும் கொடுங்க."

"எனக்கு நம்பிக்கையில்ல."

இருபது கட்டிலும் கேட்க அதைச் சொன்னேன். அவன் சாவிக்கொத்தைத் தொட்டி விளிம்பில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான்.

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை?" என்றான்.

"ஒரு வேலையும் இல்ல. போ."

அவன் வாசலைத் தாண்டிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பலகை அடிக்கிற தச்சர்கள் இரண்டு பேரை வேறு ஆள்மூலம் வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வரமாட்டார். மரியம்மா மருந்தறைக்குப் போன நேரம் பார்த்து வாரை அவிழ்த்து, இரண்டு பேரும் என்னைத் தூக்கி டோங்காவில் உட்காரவைத்தார்கள். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்ததில் உலகமே ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆளந்தி ரோட்டின் குழிகளில் குதிரைவண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் முதுகில் ஆணி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் குடை பிடித்தார்கள். கலவை ஏறிற்று. நான் கத்தினேன். தண்ணீர் அதிகம் என்றேன், கம்பியை மிதிக்காதே என்றேன், அந்தப் பக்கம் குத்து, இந்தப் பக்கம் மட்டப்பலகையை இழு என்றேன். எல்லோரும் ஓடினார்கள். அந்த மூன்று மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து எழுதிப் பிரயோஜனமில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் தச்சன் ஒருவன், "அண்ணாச்சி, செருப்பு எங்க?" என்று கேட்டான். குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் செருப்பில்லை. எங்கே கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. காலால் வண்டிப் பலகையைத் தேய்த்துப் பார்த்தேன். கால் தேய்க்கிறது என்று நினைத்தேன், ஆனால் அது அசையவேயில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பார்வதி காலித் தொட்டிக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள்.

"தொடுதது தெரியுதா?"

"எங்க தொட்ட?" என்றேன்.

மறுநாள் காலைக்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. சிறுநீர் தானாகப் பிரியவில்லை, குழாய் வைத்தார்கள். டாக்டர் ஊசியால் பாதத்திலிருந்து குத்திக்கொண்டே வந்தார். தொப்புள் வந்த பிறகுதான் எனக்கு வலித்தது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீ போகாமல் இருந்திருந்தாலும் இது வந்திருக்கலாம். அதை என்னால் சொல்ல முடியாது. உன்னாலும் இனிமேல் தெரிந்துகொள்ள முடியாது" என்றார். இந்த வார்த்தை என்னைத் தின்றதுபோல எந்தக் கிருமியும் தின்னவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வது? சாப்பிட மறுத்தேன். தூளைத் துப்பினேன். பெண்களைக் கூட்டிவர வேண்டாம் என்றேன். பார்வதியிடம், "நான் போயிட்டா நீ ஊருக்குப் போயிரு" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போறதுக்கும் கால் வேணும். வாயத் தொறங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். அழுதுகொண்டே ஊட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாகவேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. விட்டம் மட்டம் தவறியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது இடிந்து விழாதா என்றிருக்கும்.

இதற்கிடையில் வேலை நின்றுபோயிற்று. மாருதி இல்லை. சாவி என் தலையணைக்கடியில். பத்து நாளில் பொறுப்பான ஆள் ஒருவர் வந்து நிற்காவிட்டால் வேலையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று எஞ்சினியரிடமிருந்து கடிதம் வந்தது. பார்வதி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் விட்டத்தைப் பார்த்தபடி, "போகட்டும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்வதி வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யெரவாடாவுக்குப் போயிருந்தேன். மாருதி வீட்டுக்கு."

என் கை தலையணைக்கடியில் சாவியைத் தேடியது.

"நீங்க தூங்கையில சாவிய எடுத்தேன். படத்த டிரங்குப் பெட்டியிலருந்து எடுத்தேன். ரெண்டையும் அவன்ட்ட கொடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் கொடுத்த?"

"யாரையும் கேக்கல."

"அவன் படத்தத் தலகீழாப் பிடிப்பான்!"

"பிடிக்கல. விரிச்சு வச்சு எனக்கே சொல்லிக் கொடுத்தான். எது வாசல், எது ஜன்னல்னு. பதினோரு வருஷமா உங்க கக்கத்துக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தே படிச்சிருக்கான்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவன் ஒரு பேச்சு சொன்னான். இங்கருந்து ஒரு கேள்வி வரக்கூடாது, ஒரு உத்தரவும் போகக்கூடாது. ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே சாவிய வச்சிட்டுப் போயிருவேன்னு. நான் சரின்னுட்டேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விரும்பவில்லை. எங்கள் பாஷையில் பெண்டாட்டியைச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்ததும் சொன்னாள்:

"நீங்க சொல்லுததக் கேக்க இனிமே அங்க காது கிடையாது. இங்க நான் மட்டுந்தான் இருக்கேன். எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலிலிருந்து குல்கர்ணி மெதுவாக இருமினார். தமிழ் தெரியாதவர், ஆனால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது அந்த இருமல்.

ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொன்னார். பக்கவாட்டில் முதுகைத் திறந்து, விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அந்த வழியாக உள்ளே போய்ச் சீழையும் செத்துப்போன எலும்பையும் வழித்தெடுப்பது. நெருக்குகிற பொருள் போனால் நரம்பு உயிர்பெறலாம். "பெறாமலும் போகலாம்" என்பதையும் சேர்த்தே சொன்னார்.

எனக்கு முன்னால் குல்கர்ணிக்கு அதைச் செய்தார்கள். அவருக்கும் அதற்குள் கால் போயிருந்தது. ஐந்து வாரம் தினம் காலையில் டாக்டர் அவர் பாதத்தைக் கீறிப் பார்ப்பது எனக்குக் காதில் விழும். "தெரிகிறதா?" "இல்லை டாக்டர்." அந்த "இல்லை"யைக் கேட்டுக்கேட்டு, என் முறை வந்தபோது நான் மாட்டேன் என்றேன். கையெழுத்துப் போடவேண்டிய தாளைப் பார்வதி வாங்கினாள். தமிழில்தான் போட்டாள். பெயரின் கடைசி எழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது மயக்கமருந்தின் இனிப்பு நாற்றமும், பிறகு இடது விலாவில் எழுந்த தீயும்தான். ஒரு பாட்டில் நிறையச் சீழ் எடுத்ததாகவும், எலும்பு ஈரமான சுண்ணாம்புபோல உதிர்ந்ததாகவும் டாக்டர் சொன்னார். மறுபடி தொட்டி. தினம் காலையில் பாதத்தில் கீறல்.

"தெரிகிறதா?"

"இல்லை டாக்டர்."

இப்போது அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் குல்கர்ணி.

நாலாவது வாரம் மாருதி வந்தான். கண்ணாடியில் அவன் வாசலில் நிற்பது தெரிந்தது. உள்ளே வரலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தான். வந்து உட்கார்ந்து கொய்யாப்பழங்களை ஸ்டூலின்மேல் வைத்தான். உடம்பைக் கேட்டான், பெண்களைக் கேட்டான். வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"ஸ்லாப் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"உடைச்சுட்டோம் மாலக்."

"எந்த ஸ்லாப்?"

"நீங்க போட்டது." பிறகு மெதுவாகச் சொன்னான். வடக்கு மூலையில் முட்டுக்கால்களைப் புதிதாக நிரப்பிய மண்ணின்மேல் நிறுத்தியிருந்தார்கள். அடியில் பலகைகூடப் போடவில்லை. காங்கிரீட் ஊற்றின மூன்றாம் நாள் மழை. மண் இளகி முட்டுகள் இறங்கிவிட்டன. அந்த மூலை முழுவதும் தொங்கி, வெடித்து, ஒரு துண்டு கீழே விழுந்தது.

ஸ்லாப் போடுவதற்கு முன்னால் அடியில் போய் ஒவ்வொரு முட்டுக்காலையும் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்று நான் நாற்காலியில் இருந்தேன். அடியில் போகச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அதை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. நானே செய்வதுதான் பழக்கம். அவர்களுக்கோ அப்படி ஒன்று செய்யவேண்டும் என்பதே தெரியாது.

"யாருக்காவது..."

"இல்ல. வேலை நின்னு போயிருந்ததால யாரும் இல்ல. சித்தாளுங்க சாப்பிட உக்கார்ற இடம் அது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த விஷயத்தைப் பார்வதி மூன்று மாதமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லவில்லை. மாருதி உடைத்து, மறுபடி முட்டு நிறுத்தி, மறுபடி ஊற்றி, இரண்டாவது கட்டடத்துக்கும் ஸ்லாப் போட்டுவிட்டான். என்னிடம் அதைச் சொல்லிக்காட்ட அவன் வரவில்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால் கொய்யாப்பழத்தோடு போயிருப்பான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது. "ஒரு பழம் கொடு" என்றேன். அவன் மடக்குக்கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கி, படுத்திருக்கிற என் வாயில் ஒவ்வொன்றாகப் போட்டான். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் காதுக்குள் போயிற்று. அதையும் அவன் தோள் துண்டால் துடைத்தான்.

ஏழாவது வாரம் ஒரு காலையில் டாக்டர் கீறினார். நான் வழக்கம்போல "இல்லை" என்றேன். மரியம்மா, "டாக்டர், விரல்" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தலைமாட்டுக் கண்ணாடியை அவிழ்த்துக்கொண்டுபோய்க் கால்மாட்டில் பிடித்தாள். "அசைங்க பாக்கலாம்" என்றாள். வலது கட்டைவிரலை அசைக்கவேண்டும் என்று நினைத்தேன். வெகு தூரத்தில் யாருடைய விரலோ, அரை அங்குலம் கீழே மடங்கி நின்றது. பிறகு குல்கர்ணி மராத்தியில், "வாழ்த்துக்கள்" என்றார். அந்த மனிதரால் அதைச் சொல்ல முடிந்தது. அடுத்த மாதம் அவரை ஸ்டிரெச்சரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்குக் கால் வரவேயில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே கத்தி. ஏன் எனக்கு, ஏன் அவருக்கில்லை என்று டாக்டரைக் கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

விரலுக்குப் பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். சிறுநீர் தானாகப் பிரிந்த அன்று பார்வதி வார்டு முழுவதற்கும் சர்க்கரை கொடுத்தாள், காரணம் கேட்டவர்களிடம் வெட்கப்படாமல் சொன்னாள். இரும்புப் பட்டையும் தோலும் வைத்துத் தைத்த கவசம் ஒன்றை முதுகுக்குச் செய்து போட்டார்கள். முதலில் உட்காரப் பழகினேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் கண் இருண்டது. இரண்டு ஊன்றுகோலில் நிற்கப் பழகினேன். பதினோரு மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். இடது கால் இன்றுவரை தேய்த்துக்கொண்டுதான் வருகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வேலை இடத்துக்குப் போகவில்லை. போகப் பயமாக இருந்தது. அங்கே எல்லாம் கெட்டுப்போயிருக்கும் என்ற பயம் பாதி. கெட்டுப்போகாமல் இருக்கும் என்ற பயம் பாதி. கடைசியில் பார்வதிதான் டாக்ஸி கூப்பிட்டாள்.

இரண்டு கட்டடம் வெள்ளையடித்து நின்றன. மூன்றாவதில் சுவர் சாரம் உயரத்துக்கு வந்திருந்தது. மாருதி மேலே சாரத்தில் படத்தை விரித்துப் பிடித்து ஒரு கொத்தனாருக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். இறங்கி வரப்போகிறான் என்று நினைத்தேன். காட்டிக்கொண்டிருந்ததை முடிக்கத் திரும்பிக்கொண்டான். கலவை வெட்டும் சத்தம், செங்கல்லைக் கரணையால் தட்டும் சத்தம், எதுவும் எனக்காக நிற்கவில்லை.

நான் ஊன்றுகோலோடு பலகைப் பாதையின் நடுவே நின்று அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாபா, பாஜூலா வ்ஹா!"

பெரியவரே, ஓரமாகப் போங்கள் என்று அர்த்தம். கவசத்துக்குள் இடுப்பைத் திருப்ப முடியாததால் உடம்போடு சுற்றிப் பார்த்தேன். தலையில் கலவைச் சட்டியோடு ஒரு சித்தாள் பெண். புதிதாக வந்தவள், நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. கலவை நீர் அவள் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. பார்வதிக்கு முகம் சிவந்தது. "ஏ புள்ள, இவங்க யாருன்னு..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

வலது ஊன்றுகோலை நகர்த்தினேன். வலது காலை நகர்த்தினேன். இடது கோல். பிறகு இடது கால், பலகையை உரசிக்கொண்டு, மெதுவாக. அந்தப் பெண் தலையில் பாரத்தோடு அவசரப்படுத்தாமல் நின்றாள். நான் மூன்று அடி தள்ளி மண்ணில் கால் வைத்ததும் என்னைக் கடந்து போனாள்.